ராபர்ட் ப்ரூஸுக்கும் ஜான் பேலியலுக்கும் என்ன உறவு? ஹன்டிங்டன் ஏர்ல் டேவிட்டின் வம்சாவளி

கேட்கப்பட்ட கேள்வி: ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் ப்ரூஸின் அப்பா அரசர் இல்லை. அவருக்கு முன்னால் அரியணையில் இருந்த ஜான் பேலியலின் அப்பாவும் அரசர் இல்லை. இரண்டு பேரும் ஹன்டிங்டன் ஏர்ல் டேவிட் என்ற ஒரு பிரபுவின் வழியில் உரிமை கோரினார்கள் என்கிறார்கள். யார் இந்த டேவிட்? அவருடைய வம்சாவளி என்ன? இன்றைய பிரிட்டிஷ் அரச குடும்பம் வரை அது வருகிறதா?

முதலில் சுருக்கமான பதில். டேவிட் (சுமார் 1152–1219) ஓர் அரசருக்குப் பேரன், இரண்டு அரசர்களுக்குத் தம்பி, இன்னொரு அரசருக்குச் சித்தப்பா. இவர் மட்டும் அரசராகவில்லை. இவர் இறந்து 18 ஆண்டுகளில் முறையான ஆண் வாரிசும் அற்றுப்போனது. மிஞ்சியது மகள்கள் வழி. மூத்த மகள் மார்கரெட் வழியில் ஜான் பேலியல் கொள்ளுப்பேரன். அடுத்த மகள் இசபெல்லா வழியில் அரசர் ராபர்ட் ப்ரூஸ் எள்ளுப்பேரன். 1291-ல் பேலியலோடு வழக்காடியது இந்த ராபர்ட் ப்ரூஸ் கிடையாது, இவருடைய தாத்தா. அவர் பெயரும் ராபர்ட் ப்ரூஸ்தான். பேலியலின் அம்மாவும் அந்தத் தாத்தாவும் அக்கா தங்கை பிள்ளைகள். அதாவது நம் முறைப்படி ஸ்காட்லாந்து மகுடத்துக்காக நடந்த அந்தப் பெரிய வழக்கு ஒரு தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் நடந்த வழக்கு. மூன்றாவது கேள்விக்கு விடை: ஆம், வருகிறது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி விரிவாக.

டேவிட்டின் தாத்தா முதலாம் டேவிட், 1124 முதல் 1153 வரை ஸ்காட்லாந்தின் அரசர். மூன்றாம் மால்கமுக்கும் பிற்காலத்தில் புனிதராக அறிவிக்கப்பட்ட மார்கரெட்டுக்கும் கடைசி மகன். இந்த மார்கரெட், நார்மானியர் வருமுன் இங்கிலாந்தை ஆண்ட எட்மண்ட் அயர்ன்சைடின் பேத்தி. ஆகவே டேவிட்டின் ரத்தத்தில் பழைய ஆங்கில அரச குலமும் இருந்தது. இதைவிட முக்கியம், முதலாம் டேவிட்டின் மனைவி மோட். இவளுடைய அப்பா வால்தியோஃப் என்ற ஆங்கிலப் பிரபு. 1076-ல், இங்கிலாந்தைப் பிடித்த நார்மானிய அரசர் வெற்றிவீரர் வில்லியம் இவர் தலையை வெட்டிவிட்டார். அம்மா ஜூடித், அதே வில்லியமின் உடன்பிறந்தாள் மகள். மோட் தன்னோடு கொண்டுவந்த சீதனம்தான் ஹன்டிங்டன்: இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பல மாவட்டங்களில் சிதறிக் கிடந்த பெரும் பண்ணைகள், கூடவே ஏர்ல் பட்டம்.

ஸ்காட்லாந்து இளவரசர் ஒருவருக்கு இங்கிலாந்தின் நடுவில் ஏன் பட்டம் என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். பாட்டி சொத்து. ஆனால் சிக்கல் இல்லாத சொத்தும் இல்லை. மோட் ஏற்கெனவே சைமன் டி சென்லிஸ் என்பவரை மணந்து, அவர் இறந்தபின் டேவிட்டை மணந்தவள். முதல் கணவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு கிளைகளும் ஹன்டிங்டன் எங்களுக்குத்தான் என்று மூன்று தலைமுறை இழுத்துக்கொண்டே இருந்தன. ஆங்கிலேய அரசருக்கு அன்றைக்கு யாரைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் பட்டம் போகும்.

அப்பா ஹென்றி, நார்தம்பர்லாந்துக்கும் ஹன்டிங்டனுக்கும் ஏர்ல். முதலாம் டேவிட்டின் வாரிசு இவர்தான். ஆனால் அப்பாவுக்கு ஓராண்டு முன்னதாக, 1152 ஜூனில் இறந்துவிட்டார். நம் டேவிட் அப்போது கைக்குழந்தை. அம்மா ஏடா டி வாரன், சரே ஏர்லின் மகள். ஏடாவின் அம்மா எலிசபெத், பிரெஞ்சு அரசர் முதலாம் ஹென்றியின் பேத்தி. எலிசபெத்துக்கும் முதல் கணவர் ஒருவர் உண்டு. அந்தக் கிளையில் வந்தவர்கள் லெஸ்டர் ஏர்ல்கள். இந்த இடத்தில் வம்சாவளி வெறும் பெயர்ப்பட்டியலாக நிற்காமல் வரலாற்றுக்கே விளக்கம் தருகிறது. 1173–74-ல் ஆங்கிலேய அரசர் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவருடைய பிள்ளைகளே கலகம் செய்தபோது, லெஸ்டர் ஏர்ல் கலகக்காரர் பக்கம் போய்ச் சிறைப்பட்டார். அவர் இல்லாத நேரத்தில் லெஸ்டர் கோட்டைப் படைக்குத் தலைமை ஏற்றவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயது டேவிட். அந்நியர் கோட்டைக்கு இவர் எப்படி வந்தார் என்று தோன்றும். அம்மாவின் தாய்வழிச் சகோதரர் மகன் கோட்டை அது.

ஹென்றிக்கும் ஏடாவுக்கும் பிறந்தவர்களில் நமக்கு வேண்டியவர்கள் ஐந்து பேர். மூத்தவர் மால்கம், 12 வயதில் அரசரானார், 1165-ல் திருமணம் ஆகாமலே இறந்தார். அடுத்தவர் வில்லியம், ‘சிங்கம்’ என்று அழைக்கப்பட்டவர், 1165 முதல் 1214 வரை அரசர். மார்கரெட் பிரிட்டனி டியூக் நான்காம் கோனனை மணந்தார். ஆங்கிலேய அரசர் ஜானிடம் சிறைப்பட்டு மாயமான பிரிட்டனி ஆர்தர் இவருடைய மகள்வழிப் பேரன். ஏடா (அம்மா பெயரே மகளுக்கும்) ஹாலந்து கவுண்ட் மூன்றாம் ஃப்ளோரிஸை 1162-ல் மணந்தார். இந்த ஏடாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 130 ஆண்டு கழித்து இவர் வழியில் ஒருவர் வருவார். ஐந்தாமவர் டேவிட்.

அண்ணன் வில்லியமுக்கு முறையான மகன் பிறந்தது 1198-ல். அப்படியானால் 1165 முதல் 33 ஆண்டுகள் ஸ்காட்லாந்தின் அடுத்த வாரிசு டேவிட்தான். நடுவில் 1195-ல் ஒரு விசித்திரம். நோயில் விழுந்த வில்லியம், தன் சிறு மகள் மார்கரெட்டை ஜெர்மானியரான ஓட்டோவுக்குக் கட்டிக்கொடுத்து, அவர்களுக்கு நாட்டை விட்டுவிடலாம் என்று யோசித்தார். பிரபுக்கள் பலர் ஒப்பவில்லை. அரசருக்குத் தம்பியும் தம்பி மக்களும் இருக்கும்போது பெண்ணுக்கு நாடு போகும் வழக்கம் இங்கே இல்லை என்றார்கள். அந்தத் தம்பியின் உரிமையே பிற்காலத்தில் முழுக்க முழுக்கப் பெண்கள் வழியில்தான் இறங்கப்போகிறது என்று அன்றைக்கு அவர்களில் யாருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை.

டேவிட்டின் சொத்துகளை இரண்டாகப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அண்ணன் கொடுத்தவை: அபர்டீன் பக்கம் கேரியாக் என்ற பிரபுநிலம், அதன் தலைமையிடமாக இன்வரூரி, தே ஆற்று முகத்துவாரத்தில் டண்டீ. இங்கிலாந்தில் ஹன்டிங்டன். 1174-ல், அதே கலகத்தில், அண்ணன் வில்லியம் ஆன்விக் அருகே ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் ஹன்டிங்டன் பறிபோய் சென்லிஸ் கிளைக்குப் போனது. அந்தக் கிளையின் கடைசி ஏர்ல் 1184-ல் வாரிசில்லாமல் இறக்க, அடுத்த ஆண்டு இரண்டாம் ஹென்றி அதை வில்லியமிடம் திருப்பிக் கொடுத்தார். வில்லியம் தம்பிக்குக் கொடுத்தார். 1189-ல் சிங்க நெஞ்சர் ரிச்சர்டின் முடிசூட்டு விழாவில் அரச வாள்களில் ஒன்றை ஏந்திச் சென்ற மூவரில் டேவிட்டும் ஒருவர். ஹன்டிங்டன் சொத்தில் ஃபாதரிங்கே கோட்டையும் அடக்கம். பின்னாளில் டேவிட்டின் வழித்தோன்றலான ஸ்காட்லாந்து ராணி மேரி 1587-ல் தலை வெட்டப்பட்டது அந்தக் கோட்டையில்தான்.

1191 வாக்கில் ஃபைஃப் பகுதியில் லிண்டோர்ஸ் மடத்தை நிறுவினார். அந்தப் பெயரை இன்று பலர் வேறு காரணத்துக்காக அறிவார்கள்: 1494-ஆம் ஆண்டு அரசுக் கணக்கில் ஜான் கோர் என்ற துறவிக்கு ‘உயிர்நீர்’ காய்ச்ச மால்ட் கொடுத்த குறிப்பு இருக்கிறது, விஸ்கிக்கு ஸ்காட்லாந்தில் கிடைக்கும் மிகப் பழைய ஆதாரம் அது, அந்தத் துறவியை லிண்டோர்ஸோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். வம்சாவளிக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

சரி, திருமணம். 1190 ஆகஸ்ட் 26-ல் செஸ்டர் ஏர்ல் ரானல்ஃபின் சகோதரி மட்டில்டாவை மணந்தார். மாப்பிள்ளைக்கு 38 வயது இருக்கும், பெண்ணுக்கு அதில் பாதி. இந்தத் திருமணத் தேதியை ஒரு காரணத்துக்காக அழுத்திச் சொல்கிறேன். டேவிட் ரிச்சர்டோடு மூன்றாம் சிலுவைப்போருக்குப் போய்ப் பெரும் சாகசங்கள் செய்தார் என்று பிற்காலத்தவர் எழுதிய கதை ஒன்று உண்டு. இணைய வம்சாவளிகள் பலவற்றில் அது உண்மைபோல ஏறியிருக்கிறது. ரிச்சர்ட் கடல் கடந்த அந்த ஆண்டில் இவர் கல்யாண மாப்பிள்ளை. 1194-ல் நாட்டிங்ஹாம் கோட்டை முற்றுகையில் மைத்துனர் ரானல்ஃபோடு ரிச்சர்ட் பக்கம் நின்றது மட்டும் நிச்சயம்.

டேவிட் 1219 ஜூன் 17-ல் நார்தாம்டன்ஷையரின் யார்ட்லியில் இறந்தார். தான் கட்டிய லிண்டோர்ஸில் அடக்கம் செய்யப்படவில்லை. ஹன்டிங்டன் பக்கத்துச் சாட்ரி மடத்தில் புதைத்தார்கள்.

பிள்ளைகளில் வயதுக்கு வந்து பட்டம் ஏற்ற மகன் ஒருவர்தான், ஜான். ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் ‘ஸ்காட் ஜான்’ என்றே ஆங்கிலேயர் அழைத்தார்கள். வாரிசில்லாத தாய்மாமன் ரானல்ஃப் 1232-ல் இறக்க, செஸ்டர் ஏர்ல் பட்டமும் இவருக்கு வந்தது. மனைவி ஹெலன், வேல்ஸ் இளவரசர் லூவெலினின் மகள். ஹன்டிங்டன், செஸ்டர், கேரியாக், வேல்ஸ் மாமனார், ஸ்காட்லாந்து அரச ரத்தம் எல்லாம் ஓர் ஆளிடம் வந்து சேர்ந்தன. 1237-ல் முப்பது வயதில் பிள்ளையில்லாமல் செத்துப்போனார். மனைவி விஷம் வைத்தாள் என்று அக்காலத்திலேயே வதந்தி கிளம்பியது. இளம் வயதில் பெரும் பணக்காரர் இறந்தால் கிளம்பும் வழக்கமான வதந்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகள்களில் வாரிசு விட்டவர்கள் மூவர். மூத்தவர் மார்கரெட், காலோவே பிரபு ஆலனை 1209-ல் மணந்தார். அடுத்தவர் இசபெல்லா, ஆனன்டேல் பிரபு ராபர்ட் ப்ரூஸை மணந்தார். மூன்றாமவர் ஏடா, ஹென்றி ஹேஸ்டிங்ஸை மணந்தார். அண்ணன் தம்பி இல்லாத பெண்களுக்கு ஆங்கிலேயச் சட்டம் சொன்னது சமபாகம். ஆகவே 1237-ல் பாகப்பிரிவினை தொடங்கியது. செஸ்டரை மட்டும் ஆங்கிலேய அரசர் மூன்றாம் ஹென்றி விடவில்லை. வேல்ஸ் எல்லையில் அவ்வளவு பெரிய இடத்தைத் துண்டுபோடுவது ஆபத்து என்று பங்காளிகளுக்கு வேறு இடங்களை ஈடாகக் கொடுத்துத் தான் எடுத்துக்கொண்டார். எஸ்ஸெக்ஸில் ரிட்டில் என்ற ஊர் ப்ரூஸ் குடும்பத்துக்கு வந்தது அப்படித்தான். மற்றவை மூன்றாகப் பிரிந்தன. தூரத்து வடக்கில் கேரியாக் மூன்று பங்கு. லண்டனுக்கு வடக்கே டாட்டன்ஹாம் பண்ணையும் மூன்று பங்கு: ப்ரூஸுக்கு ஒன்று, மார்கரெட்டின் மகள் வழியில் பேலியலுக்கு ஒன்று, ஹேஸ்டிங்ஸுக்கு ஒன்று. இன்று லண்டனின் டாட்டன்ஹாமில் ப்ரூஸ் காசில் என்ற பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடம் 16-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் கட்டியது. பெயர் அந்தப் பழைய பாகத்திலிருந்து வந்தது. டேவிட்டின் வம்சாவளியை ஒரு நகரின் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டவேண்டுமானால் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

1237-ன் இந்தப் பாகப்பிரிவினை ஏன் முக்கியம்? 54 ஆண்டு கழித்து, இதே மூன்று குடும்பங்கள் இதே டேவிட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு நாட்டையே கேட்டு வந்து நின்றன.

அது நடந்த விதம் இது. வில்லியமுக்குப் பின் மகன் இரண்டாம் அலெக்சாண்டர், அப்புறம் பேரன் மூன்றாம் அலெக்சாண்டர். இந்த மூன்றாமவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். 1281-க்கும் 1284-க்கும் நடுவில் மூவரும் போய்விட்டார்கள். அரசரும் 1286 மார்ச்சில், புயலடித்த ஓர் இரவில் கிங்ஹார்ன் அருகே குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மிஞ்சியது நார்வே அரசருக்குக் கட்டிக்கொடுத்த மகளின் குழந்தை மார்கரெட். அவளும் 1290 செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்கு வரும் வழியில் ஆர்க்னி தீவுகளில் இறந்தாள். ஏழு வயது.

வம்சாவளிக்காரர் இந்த இடத்தில் செய்வதை அன்றைய வக்கீல்களும் செய்தார்கள்: மேலே ஏறினார்கள். மூன்றாம் அலெக்சாண்டருக்கு முறையான உடன்பிறப்பு இல்லை. இரண்டாம் அலெக்சாண்டரின் மூன்று சகோதரிகளுக்கும் சந்ததி நிலைக்கவில்லை. இன்னொரு படி ஏறினால் வில்லியமின் உடன்பிறப்புகள். மால்கமுக்குப் பிள்ளையில்லை. ஆகவே டேவிட். இறந்து 71 ஆண்டு ஆனவரின் வாரிசு யார் என்பதுதான் இப்போது கேள்வி.

ஆங்கிலேய அரசர் முதலாம் எட்வர்டிடம் தீர்ப்பு கேட்டுப் போனார்கள். தன்னை ஸ்காட்லாந்தின் மேலாதிபதியாக ஒப்புக்கொண்டால்தான் தீர்ப்பு என்று 1291 மேயில் நாரமில் வைத்து அவர் சொன்னது தனிக்கதை. உரிமை கோரியவர்கள் 13 பேர். அதில் அரைவாசி வில்லியம், இரண்டாம் அலெக்சாண்டர் ஆகியோரின் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் வழி வந்தவர்கள். அவர்கள் மனு சட்டப்படி நிற்காது என்று அவர்களுக்கே தெரியும், பதிவுக்காகப் போட்டது. நார்வே அரசர் எரிக், செத்த மகளின் சொத்து அப்பாவுக்கு என்று ஒரு மனு போட்டார். விசாரிக்க 104 பேர் கொண்ட சபை: பேலியல் தேர்ந்தெடுத்த 40 பேர், ப்ரூஸ் தேர்ந்தெடுத்த 40 பேர், எட்வர்டின் ஆலோசகர்கள் 24 பேர்.

உண்மையான போட்டி டேவிட்டின் மகள்வழிக்குள்தான். மார்கரெட்டின் மகள் டெர்வோர்கில்லா. அவளுடைய மகன் ஜான் பேலியல். இசபெல்லாவின் மகன் கிழ ராபர்ட் ப்ரூஸ், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஏடாவின் பேரன் ஜான் ஹேஸ்டிங்ஸ். பேலியல் சொன்னது: நான் மூத்த மகள் கிளை, மூத்த கிளை முழுக்கத் தீர்ந்தபிறகுதான் இளைய கிளைக்கு வரவேண்டும். ப்ரூஸ் சொன்னது: நான் டேவிட்டுக்குப் பேரன், இவர் கொள்ளுப்பேரன், ஒரு தலைமுறை நெருக்கம் எனக்கு. ஹேஸ்டிங்ஸ் சொன்னது: பெண் வாரிசுகள் என்றால் சமபாகம்தானே, 1237-ல் செய்தமாதிரி நாட்டையும் மூன்றாகப் பிரியுங்கள்.

மூன்றுமே அந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனமான வாதங்கள் கிடையாது. மூத்த கிளைதான் என்ற விதி இன்று நமக்கு இயல்பாகத் தெரிகிறது. 13-ஆம் நூற்றாண்டில் அது இன்னும் கெட்டியாகிக்கொண்டிருந்தது. ப்ரூஸ் இன்னொன்றும் சொன்னார்: 1238-ல், தனக்குப் பிள்ளை பிறக்காத நிலையில், இரண்டாம் அலெக்சாண்டர் பிரபுக்கள் முன்னிலையில் ப்ரூஸையே வாரிசாக ஏற்றார் என்று. ஸ்காட் ஜான் போன மறு ஆண்டு அது. மூன்றாம் அலெக்சாண்டர் பிறந்தது 1241-ல். காலக்கணக்கு பொருந்துகிறது, நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், நான் பாதி நம்புகிறேன்.

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். டெர்வோர்கில்லா இறந்தது 1290 ஜனவரி 28. நார்வேக் குழந்தை இறந்தது அதே ஆண்டு செப்டம்பர். இறந்த கணவரின் நினைவாக ஸ்வீட்ஹார்ட் மடத்தைக் கட்டிய, ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரிக்குச் சாசனம் கொடுத்த அந்த மூதாட்டி இன்னும் எட்டு மாதம் உயிரோடு இருந்திருந்தால், அவளும் டேவிட்டுக்குப் பேத்தி, ப்ரூஸும் பேரன். தலைமுறை நெருக்கம் என்ற வாதமே எழுந்திருக்காது. ‘அவள் பெண், நான் ஆண்’ என்பது ஒன்றுதான் ப்ரூஸுக்கு மிஞ்சியிருக்கும்.

ஹாலந்து கவுண்ட் ஐந்தாம் ஃப்ளோரிஸ் இந்த இடத்தில் வருகிறார். நினைவில் வைக்கச் சொன்ன ஏடாவின் வழி. அவர் வாதம் எல்லாரையும் ஒரே அடியில் வெளியேற்றுவது: டேவிட் தன் அண்ணன் வில்லியமிடம் கேரியாக்கை வாங்கிக்கொண்டு, தனக்கும் தன் வாரிசுகளுக்கும் மகுடத்தில் இருந்த உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித்தந்துவிட்டார், ஆகவே டேவிட்டின் கிளையே கணக்கில் இல்லை, அவருடைய சகோதரி ஏடா கிளைக்குத்தான் நாடு. பத்திரம் எங்கே என்றார்கள். தேட நேரம் வேண்டும் என்றார். வழக்கைப் பத்து மாதம் தள்ளிவைத்தார்கள். 1292 ஜூனில் திரும்பக் கூடியபோதும் மூலப் பத்திரம் வரவில்லை. இதற்கிடையில் ப்ரூஸும் ஃப்ளோரிஸும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்: யார் ஜெயித்தாலும் மற்றவருக்கு நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. டேவிட் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்று ஒருவர் சொல்கிறார், அவர் உரிமை தனக்கு வந்தது என்று இன்னொருவர் சொல்கிறார், இரண்டு பேரும் கூட்டு! பத்திரத்தின் பிரதிகள் என்று சொல்லப்பட்டவை பின்னால் கிடைத்தன. பெரும்பாலான ஆய்வாளர்கள் அது போலி என்றே கருதுகிறார்கள். ஹன்டிங்டனை வைத்துக்கொண்டு மகுடத்துக்கு அடுத்த இடத்தில் 33 ஆண்டு இருந்த மனிதர் கேரியாக்குக்காக அப்படி எழுதிக்கொடுத்திருப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை.

1292 நவம்பர் 6-ல் ப்ரூஸுக்கு எதிராக முடிவு போனது. உடனே கிழவர் கட்சி மாறினார்: அப்படியானால் ஹேஸ்டிங்ஸ் சொல்வதுபோல மூன்றாகவாவது பிரியுங்கள் என்றார். எடுபடவில்லை. தன் உரிமையை மகனுக்கும் வாரிசுகளுக்கும் எழுதிக்கொடுத்து ஒதுங்கினார். நவம்பர் 17-ல் பெரிக்கில் பேலியலுக்குத் தீர்ப்பு. நவம்பர் 30-ல் ஸ்கோனில் அரியணை. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. ப்ரூஸின் பேரன் பிற்காலத்தில் பெரிய வீரர் ஆனார் என்பதற்காக, 1292-ல் பேலியலுக்கு எட்வர்ட் வேண்டுமென்றே சாதகம் செய்தார் என்று எழுதுவது நியாயமில்லை.

வம்சாவளி வரைகிறவர்கள் தடுக்கி விழும் இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது இரண்டு இசபெல்லா. வில்லியமுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் பெயரும் இசபெல்லா. அவளும் 1183-ல் ஒரு ராபர்ட் ப்ரூஸை மணந்தாள்! அந்த ராபர்ட் பிள்ளையில்லாமல் இறக்க, அவள் ராபர்ட் டி ராஸை மறுமணம் செய்தாள். 1291-ல் மனுப்போட்ட ராஸ் அந்த வழி. டேவிட்டின் மகள் இசபெல்லா மணந்த ராபர்ட் ப்ரூஸ், அந்த முதல் ராபர்ட்டின் தம்பி மகன். மாமியார் வீடு ஒன்று, கணவர் பெயர் ஒன்று, தன் பெயரும் ஒன்று. இவர்களை ஒன்றாக்கிவிட்டால் அரசர் ராபர்ட் ப்ரூஸ், வில்லியமின் முறையற்ற மகள் வழியாகிவிடுவார்; அவருடைய உரிமையின் அடிப்படையே போய்விடும். இணையத்தில் இந்தக் கலப்பு சகஜம்.

இரண்டாவது, டேவிட்டின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன்கள். ஹென்றி என்ற பெயரிலேயே இருவர்: ஸ்டர்லிங் ஹென்றி, பிரீக்கின் ஹென்றி. தாத்தா பெயரை இரண்டு பேருக்கும் வைத்திருக்கிறார். இவர்களை ஒரே ஆளாக எழுதிவிடுகிறார்கள். பிரீக்கின் ஹென்றியின் சந்ததி பிரீக்கின் பிரபுக்கள். 1291-ல் வில்லியமின் முறையற்ற கிளையினர் அத்தனை பேர் மனுப்போட்டபோது, டேவிட்டின் இந்த ஆண்வழிக் கிளை வாயே திறக்கவில்லை. அந்தக் குடும்பத்து டேவிட் பிரீக்கின், 1320-ல் ராபர்ட் ப்ரூஸுக்கு எதிரான சதியைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்காகக் கொல்லப்பட்டார்.

ராபர்ட் ப்ரூஸ் கையில் செத்த உறவினர்களில் இவர் முதலாமவரும் இல்லை. 1306 பிப்ரவரி 10-ல் டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் அவர் குத்திய ஜான் கோமின், பேலியலின் சகோதரி மகன். டேவிட்டிலிருந்து எண்ணினால் மார்கரெட், டெர்வோர்கில்லா, அவள் மகள், பிறகு கோமின். இந்தப் பக்கம் இசபெல்லா, கிழ ப்ரூஸ், அவர் மகன், பிறகு ராபர்ட். இருவரும் டேவிட்டுக்கு எள்ளுப்பேரர்கள், ஒரே தலைமுறை. அவர்கள் மோதலை அரசியலாக மட்டும் படிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை: 1292-ல் தோற்ற கிளையின் வாரிசு, ஜெயித்த கிளையில் மிஞ்சியிருந்த பலமான ஆளைத் தீர்த்துக்கட்டி, ஆறு வாரத்தில் முடிசூடிக்கொண்டார்.

மூன்று மகள்கள் கிளையும் எங்கே போய் முடிந்தன? பேலியல் ஆண்வழி ஜானின் மகன் எட்வர்டோடு முடிந்தது. 1332-ல் அவரும் கொஞ்சநாள் முடிசூடிப் பார்த்தார், பிள்ளையில்லாமல் இறந்தார். ஹேஸ்டிங்ஸ் கிளை இங்கிலாந்திலேயே தங்கி பெம்ப்ரோக் ஏர்ல்களாக உயர்ந்தது. அதன் கடைசி ஏர்ல் ஜான் 1389-ல் வுட்ஸ்டாக்கில் குதிரைமேல் ஈட்டிப் போட்டிப் பயிற்சியில் அடிபட்டு இறந்தபோது வயது 17.

ப்ரூஸ் கிளையும் ஆண்வழியில் நீளவில்லை. ராபர்ட்டின் மகன் இரண்டாம் டேவிட் பிள்ளையில்லாமல் 1371-ல் போனார். மறுபடியும் மகள்தான். ராபர்ட்டின் மூத்த மகள் மார்ஜரி 1315-ல் வால்டர் ஸ்டூவர்ட்டை மணந்திருந்தார். அவர்கள் மகன் இரண்டாம் ராபர்ட், முதல் ஸ்டூவர்ட் அரசர். அவர் வழியில் ராணி மேரி, அவருடைய மகன் ஆறாம் ஜேம்ஸ். ஜேம்ஸ் 1603-ல் இங்கிலாந்துக்கும் அரசரானார். அவருடைய மகள் எலிசபெத், எலிசபெத்தின் மகள் சோஃபியா, சோஃபியாவின் மகன் முதலாம் ஜார்ஜ், அங்கிருந்து நேராக இன்றைய சார்ல்ஸ் வரை. உங்கள் வம்ச விருட்சத்தில் இந்தக் கோடு வரையும்போது இசபெல்லா, மார்ஜரி, மேரி, எலிசபெத், சோஃபியா ஆகிய பெயர்களை வேறு நிறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டேவிட்டிலிருந்து ஜார்ஜ் வரை கோடு திரும்பும் இடங்களில் பல இவர்கள்தான்.